மணிச்சத்து நீலம்

கல்யாணப் பையில் வந்தது மண்.
மஞ்சள் துணியில் மணமகன் பெயர் மங்கி
மணமகள் பெயர் மட்டும் மிச்சம்.
உள்ளே ஒச்சம்மாளின் கத்தரிக்காடு,
செல்லம்பட்டிக்கு மேற்கே.
'கோழிக்குப்பை போட்ட மண்ணு' என்று
பென்சிலில் ஒரு துண்டுச்சீட்டு.

தாளில் கொட்டி, நிழலில் உலர்த்தி, நாலாய்ப் பகுத்து
எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளினேன்.
மறுபடி நாலு. மறுபடி தள்ளல்.
ஒரு காடு கடைசியில்
உள்ளங்கை அளவுக்கு வந்து நின்றது.

ஆப்பத்துக்குப் போடும் சோடாதான்,
அதைக் கரைத்து அரைமணி குலுக்க வேண்டும்.
கரி போட்டு வடிகட்டி
மருந்து விட்டால் நீலம் ஏறும்.
எவ்வளவு நீலமோ அவ்வளவு மணிச்சத்து.
எங்கள் பக்கத்து மண்ணுக்கு வழக்கமாக
வேட்டிக்குப் போடும் சொட்டுநீலம் அளவு வரும்.
அன்று குழாயில் நின்றது
மயில் கழுத்து.

'மிகுதி' என்று அட்டையில் எழுதினேன்.
மூன்று வருடத்துக்கு டிஏபி வேண்டாம்,
கோழிக்குப்பையும் வேண்டாம் என்றேன்.
கம்பெனிக்காரன் குஞ்சு தருகிறான், தீனி தருகிறான்,
நாற்பதாம் நாள் லாரி வைத்துக் கோழியை அள்ளிப்போகிறான்.
குப்பை மட்டும் அவளுடையது.
'என்னோடதுன்னு இருக்கிறதே அது ஒண்ணுதான்,
அதையும் போடாதங்கிறியா?'

ஐப்பசியில் பீர்முகமது வந்தார்.
கண்மாய் மீன் குத்தகைக்காரர்.
பன்னீர் சோடா பாட்டிலில் பச்சைத் தண்ணீர்.
'இங்கே மண்ணு மட்டும்தான் பார்ப்போம்.'
'மண்ணைக் கழுவி வந்த தண்ணிதானே.'
கெண்டைகள் வெள்ளையாய் மிதந்த காலையைப் பற்றி
அவர் அதிகம் பேசவில்லை.
எத்தனை கிலோ என்று மட்டும் சொன்னார்.

ஐந்தரைக்கு மேல், பதிவேட்டில் ஏற்றாமல்,
அந்தத் தண்ணீரையும் நீலமாக்கினேன்.
'யாரு காடு?'
மேட்டில் பதினோரு கொட்டகை இருக்கிறது என்றேன்.
ஒரு பெயர் வாய்வரை வந்தது.

படிகாரம் என்றதும் ஒச்சம்மாள் சிரித்தாள்.
சவரக்கடையில் கன்னத்தில் தேய்ப்பது,
கடைவாசலில் கறுப்புக் கயிற்றில் தொங்குவது.
'கோழிக்குத் திருஷ்டியா?'
ஆனாலும் கீழமாசி வீதியில் நாலு கடை விலை கேட்டு
பஸ்ஸில் மூட்டைக்கும் டிக்கெட் எடுத்து
குஞ்சு இறங்குமுன் உமிப்படுக்கையில் தூவினாள்,
ஒரே ஒரு கொட்டகைக்கு.
மூன்றாம் வாரம் போன்:
'உன் மணிச்சத்து என்னமோ தெரியல,
கண்ணு எரியல.'

அடுத்த மழைக்குப் பிறகு இரண்டு பைகள்.
வரப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.
இம்முறை சோடா இல்லை,
மழை செய்வதைப் போல வெறும் தண்ணீரில் குலுக்கினேன்.
ஒரு குழாயில் மயில் கழுத்து.
படிகாரக் குப்பை போட்டதில்
ஒரு சொட்டு, அவ்வளவுதான்.
நம்பாமல் இரண்டையும் அமிலத்தில் வேகவைத்து
மொத்தத்தையும் அளந்தேன்.
சரிக்குச் சரி.
எதுவும் தொலையவில்லை.
யாரோ கையைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறார்கள்,
மழை கூப்பிட்டதும் எழுந்து ஓடாதபடி.

'கத்தரிக்காவது குடுக்குமா?' என்றாள்.
கேட்கக் கேட்கக் கொஞ்சமாய்க் கொடுக்கும் என்றேன்.
'எங்க வீட்டுக்காரர் மாதிரி' என்று
பையை உதறி மடித்தாள்.

பீர்முகமது இந்த வருடமும் பாட்டிலோடு வந்தார்.
அதே பச்சை.
கண்மாய் அடிச்சேற்றில் பழைய பாக்கி இருக்கிறது,
மேலே நிறுத்தினாலும்
கீழேயிருந்து கொடுத்துக்கொண்டிருக்கும் என்றேன்.
மற்ற பத்துக் கொட்டகையைப் பற்றி நான் பேசவில்லை,
அவரும் கேட்கவில்லை.
'எத்தனை வருசம்?'
அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

குழாய்களைச் சோப்பால் கழுவக்கூடாது.
சோப்பிலும் அது இருக்கும்,
வெறும் தண்ணீருக்கே நீலம் வந்துவிடும்.
அமிலத்தில் முக்கி, வாலைநீரில் மூன்று தடவை.
அந்தப் பாட்டிலை மட்டும்
கழுவாமல் ஜன்னலில் வைத்திருக்கிறேன்.
வெயில் படுகிற பக்கம்
கனத்துக்கொண்டே வருகிறது.